அடுப்பு யாருக்கு வாங்குகிறோம்?



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் என் மேசையிலேயே கிடக்கிறது. "மவ்லவி அவர்களுக்கு, மார்க்க விடயம் அல்லாத ஒன்றைக் கேட்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அது தொடங்குகிறது.

அந்தச் சகோதரியின் வீட்டில் 22 வருடப் பழைய குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கத்தாரில் தொழில் செய்யும் மகன் பணம் அனுப்பியிருக்கிறார். தரைக்கு டைல்ஸ் பதித்தாயிற்று. மேடைக்குக் கருங்கல் வெட்ட ஆட்கள் அடுத்த கிழமை வருகிறார்கள். இனி அடுப்புதான் பாக்கி. தம்பி வீட்டில் இருப்பதைப் போல 90 சென்றிமீற்றர் அகலத்தில் 5 பர்னரும் பெரிய ஓவனும் கொண்ட குக்கர் வேண்டும் என்கிறார் கணவர். காஸே வேண்டாம், எல்லாம் மின்சாரத்தில் இருக்கட்டும் என்கிறார் மருமகள். மகனோ, அங்கிருந்தே ஒன்றை வாங்கிக் கொள்கலனில் போட்டு அனுப்பவா என்று கேட்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பகுதிதான் என்னை வருத்தியது. 2021 இல் பக்கத்து வீட்டில் காஸ் அடுப்பு வெடித்ததைத் தன் கண்ணால் கண்டவர் இவர். 2022 இல் காஸ் கிடைக்காமல் மாதக்கணக்கில் விறகடுப்பை ஊதியதில் நெஞ்சிழுப்பு கூடி, ஆஸ்பத்திரியில் 4 நாள் கிடந்திருக்கிறார். "காஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது இன்றும் என் கை நடுங்குகிறது. இதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரியே, நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் வரிசையில் நானும் நிற்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

2016 இல் எங்கள் வீட்டுக் குசினியையும் திருத்திக் கட்டினோம். பாடப் புத்தகம் தெரிவு செய்வது போல நானே கடை கடையாக ஏறி, நானே ஒரு குக்கரைத் தெரிவு செய்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த சாமான், பளபளவென்று இருந்தது, விலையும் மலிவு. வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிய நாள் முதல் நெருப்பு மஞ்சளாகவே எரிந்தது. சட்டிகளின் அடியெல்லாம் கரி. மூன்று கிழமையாக மனைவி வாய் திறக்கவில்லை. ஒருநாள் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனபோது, அவர் சட்டியின் கரியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க ஆசையா வாங்கினீங்க. எப்படிச் சொல்ற?" என்றார். மதரஸாவில் பிள்ளைகளுக்கு மஷூராவின் சிறப்பைப் போதிக்கும் எனக்கு, அந்த ஒரு கேள்வி ஒரு வருடப் பாடமாக இருந்தது.

ஆகவே இந்த மாதம் அடுப்பைப் பற்றியே பேசுவோம்.

முதலில் ஒரு தாள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளைக் குசினிச் சுவரில் ஒட்டி, ஏழு நாட்களுக்கு மூன்று விடயங்களைக் குறித்து வாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பர்னர் எரிந்தது? ஆகப் பெரிய சட்டி எது? ஓவன் எத்தனை தரம் தேவைப்பட்டது?

பெரும்பாலான வீடுகளில் சோறு ரைஸ் குக்கரில் வேகிறது. ஒரு பர்னரில் கறி, இன்னொன்றில் சுண்டல் அல்லது பொரியல், இடையில் தேநீருக்குத் தண்ணீர். ஆக, மூன்று பர்னருக்கு மேல் ஒன்றாக எரிவது பெருநாள் காலையிலும் விருந்து நாளிலும்தான். வட்டிலப்பம் ஆவியில் அவிகிறது, அதற்கு ஓவன் கட்டாயமில்லை. கேக்கும் பேஸ்ட்ரியும் செய்து விற்கும் சகோதரிகளின் கதை வேறு. அவர்களுக்கு ஓவன் ஒரு தொழிற்கருவி. மற்றவர்கள், வருடத்தில் எத்தனை நாள் ஓவனைத் திறந்தோம் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள்.

50, 60, 90

நின்றபடி வைக்கும் குக்கர்கள் பெரும்பாலும் 50, 60, 90 சென்றிமீற்றர் அகலங்களில் வருகின்றன. 50 இல் 4 பர்னர் இருந்தாலும், 28 சென்றிமீற்றர் சட்டிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று இடிக்கும். 60 இல் அவை நெருக்கமாகவேனும் நிற்கும். 90 இல் தாராளமாக நிற்கும், நடுவில் அல்லது ஓரத்தில் தாச்சிக்கென ஒரு பெரிய பர்னரும் இருக்கும். ஆறேழு பேருள்ள குடும்பத்துக்கு 60 போதும் என்பதே என் அனுபவம்.

பர்னரின் எண்ணிக்கையை விட அதன் வலு முக்கியம். சிறிய பர்னர் ஏறத்தாழ 1,000 வாட், நடுத்தரமானது 1,750 முதல் 2,000 வரை, பெரியது 3,000 வாட். நான்கும் ஒரே அளவாக இருந்தால் பால் காய்ச்சவும் கஷ்டம், பிரியாணிச் சட்டியைச் சூடாக்கவும் கஷ்டம். சிறியது ஒன்று, பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு என்பதே நல்ல சேர்க்கை. 3,000 வாட் பர்னரை முழுதாக எரியவிட்டால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 220 கிராம் காஸ் செலவாகும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று அந்தக் கணக்கில் 55 மணித்தியாலம் வரை எரியும். பெரிய பர்னரில் சிறிய கேத்தலை வைத்து நெருப்பைச் சுற்றிலும் ஓடவிடுவது எவ்வளவு வீண்விரயம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

ஓவனும் அப்படித்தான். 90 சென்றிமீற்றர் குக்கரின் ஓவன் ஒரு சிறிய அலுமாரி போன்றது. ஒரு தட்டு பேஸ்ட்ரிக்காக அந்த வெற்றிடம் முழுவதையும் சூடாக்க வேண்டும். கடைக்குப் போகும்போது உங்கள் கேக் தட்டையும் ஆகப் பெரிய சட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சட்டியைப் பர்னரில் வைத்துப் பாருங்கள். தட்டை ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். சமைக்கப் போவது அவரல்லவே.

காஸா, மின்சாரமா?

மருமகளின் யோசனையைத் தட்டிக் கழிக்க வேண்டாம். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2021 இல் 2,675 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அதைக் கொடுத்தும் வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்பினோம். ஆனால் அதே 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததையும் மறக்கக் கூடாது. காஸை மட்டும் நம்பியவர்களும் தவித்தார்கள், மின்சாரத்தை மட்டும் நம்பியவர்களும் தவித்தார்கள். எனவே அன்றாடச் சமையல் ஒன்றிலும் மாற்று ஏற்பாடு மற்றதிலும் இருப்பதே புத்திசாலித்தனம்.

மின் அடுப்பு என்றால் முதலில் வயரிங் செய்பவரைக் கேளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 13 அம்பியர் ப்ளக் ஒன்று தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட் மட்டுமே. அந்த ஒரே ப்ளக்கில் ஓவனையும் இன்டக்ஷன் அடுப்பையும் சேர்த்து மாட்டினால் ப்ளக் உருகும். முழு மின்சாரக் குக்கருக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயரும் தனி ப்ரேக்கரும் வேண்டும். சுவரைப் பூசி டைல்ஸ் ஒட்டிய பின்னர் இதை நினைத்தால் மறுபடியும் உடைக்க நேரிடும். மின் பில்லிலும் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

இன்டக்ஷன் அடுப்பில் மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் சூடாகா. ஒரு சிறு காந்தத்தைச் சட்டியின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பாவிக்கலாம், ஒட்டாவிட்டால் முடியாது. மீன் ஆணத்துக்கு மண்சட்டியை விடாத வீடுகளில் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

வெளிநாட்டுக் குக்கர்

மகனின் அன்பை மதிக்கிறேன். ஆனால் என் வீட்டு மஞ்சள் நெருப்பின் காரணம் இங்கேதான் இருக்கிறது. பல நாடுகளில் வீட்டுக்கு வீடு குழாய் வழியே இயற்கை வாயு வருகிறது. நாம் பாவிப்பதோ சிலிண்டரில் அடைத்த எல்.பி. காஸ். இரண்டுக்கும் அமுக்கம் வேறு, பர்னரின் அடியிலுள்ள ஜெட் என்னும் சிறு துளையின் அளவும் வேறு. இயற்கை வாயுவுக்கான பெரிய துளை வழியே எல்.பி. காஸ் சென்றால் தேவைக்கு மேல் காஸ் வெளியேறி, சரியாக எரியாமல் மஞ்சளாக எரியும். அதில் கரி மட்டுமல்ல, வாசனையே இல்லாத காபன் மொனொக்சைட் என்னும் நச்சு வாயுவும் உண்டாகும். நல்ல நெருப்பு நீலமாக, நிதானமாக எரிய வேண்டும். எங்கள் குக்கரில் 4 ஜெட்டுகளையும் மாற்றிய பின்னரே நீல நெருப்பைக் கண்டோம். ஓவனின் ஜெட்டைத் தேடிப் பிடிக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது.

ஆகவே வெளியிலிருந்து அனுப்புவதாயின், எல்.பி. காஸுக்கான ஜெட்டுகள் பெட்டிக்குள் உண்டா, 230 வோல்ட்டில் இயங்குமா, உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பணமாகவே அனுப்பட்டும்.

கை நடுங்காமல் பற்றவைக்க

சகோதரியே, உங்கள் பயம் சிரிக்க வேண்டிய ஒன்றல்ல. 2021 நவம்பர் முதல் நாட்டின் பல பகுதிகளிலும் அடுப்புகள் வெடித்தன. அதை ஆராய்ந்த குழு, சிலிண்டருக்குள் இருந்த புரொபேன், பியூட்டேன் கலவையின் மாற்றத்தையே பிரதான காரணமாகக் கண்டது. புரொபேன் கூடினால் அமுக்கம் கூடும். பழைய குழாயிலும் தளர்ந்த பூட்டிலும் கசிவு தொடங்கும். கலவை நம் கையில் இல்லை. ஆனால் கசிவைத் தடுப்பதில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது.

புதுக் குக்கர் வாங்கும்போது, நெருப்பு அணைந்தால் காஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா என்று கேளுங்கள். பர்னருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கம்பி முனை நிற்கும். நெருப்பின் சூடு படும்வரைதான் அது காஸை விடும். கஞ்சி பொங்கி வழிந்து நெருப்பு அணைந்தாலும், காற்று ஊதி அணைத்தாலும், சற்று நேரத்தில் காஸ் தானாக நின்றுவிடும். ஓவனுக்கும் எல்லாப் பர்னருக்கும் இது இருக்க வேண்டும். ஐந்தாவது பர்னருக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

எல்.பி. காஸ் காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படிந்து நிற்கும். மேலே யன்னல் இருந்தால் மட்டும் போதாது. சுவரின் அடியிலும், தரையை ஒட்டி, வெளியே திறக்கும் ஒரு துவாரம் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் சிலிண்டரைக் குசினிக்கு வெளியே, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பக்கத்தில் கான் வாயோ பள்ளமோ இருக்கக் கூடாது. புதிய மேடையில் அழகுக்காகக் கதவு போட்ட அலுமாரிக்குள் சிலிண்டரைப் பூட்டி வைப்பது இப்போது ஒரு பழக்கமாகி வருகிறது. கசிந்த காஸைச் சேமித்து வைக்கும் பெட்டி அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ரெகுலேட்டரும் குழாயும் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளவையாக இருக்கட்டும். ரப்பர் குழாயை ஓவனின் முதுகுப் பக்கமாகக் கொண்டு போகாதீர்கள், அந்தச் சூட்டில் அது விறைத்து வெடிக்கும். சவர்க்காரத் தண்ணீரைப் பூட்டுகளில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். காஸ் மணத்தால் லைட்டைக்கூடப் போடாமல், அணைக்காமல், ரெகுலேட்டரை மூடிக் கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். மேலே கண்ணாடி மூடியுள்ள குக்கரில், பர்னர் ஆறும்வரை மூடியைச் சாத்தாதீர்கள்.

கல் வெட்டுமுன்

கடிதத்தில் என்னை அவசரப்படுத்திய வரி, "அடுத்த கிழமை கருங்கல் வெட்டுகிறார்கள்" என்பதுதான். கல்லுக்குள் பதிக்கும் அடுப்பானால், வெட்டிய துளைக்கு ஏற்ற அடுப்பையே வாழ்நாள் முழுவதும் தேட வேண்டிவரும். நின்றபடி வைக்கும் குக்கரானாலும், மேடையில் விடும் இடைவெளி குக்கரின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். ஆகவே முதலில் அடுப்பு, பிறகுதான் கல். வெட்டுபவரை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள்.

அடுப்பை யன்னலுக்கு நேர் கீழேயும், கதவு திறக்கும் வழியிலும் வைக்காதீர்கள். இரு பக்கமும் சட்டி இறக்கி வைக்க ஓர் அடியாவது இடம் வேண்டும். மேலே புகை உறிஞ்சும் ஹூட் பூட்டுவதாயின், பர்னருக்கும் அதற்கும் இடையே 65 முதல் 75 சென்றிமீற்றர் விடுங்கள். உறிஞ்சிய புகை குழாய் வழியே வெளியே போக வேண்டும். நெஞ்சிழுப்பு உள்ளவர் சமைக்கும் குசினியில் இது ஆடம்பரம் அல்ல, மருந்து.

உயரத்தையும் பாருங்கள். சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடித்தால், மேடை அந்த முழங்கைக்கு 10 முதல் 15 சென்றிமீற்றர் கீழே இருக்க வேண்டும். அடுப்பு இன்னும் சற்றுத் தாழ்ந்திருந்தாலும் நல்லது, அதன்மேல் சட்டியின் உயரமும் சேர்கிறதே. எத்தனையோ வீடுகளில் மேடையின் உயரத்தைத் தீர்மானித்தவர் ஆறடி உயர மேசன் பாஸ். தோள் நோவைச் சுமப்பவர் ஐந்தடி உயர உம்மா.

பணம்

கையில் உள்ள பணத்துக்கு வாங்குவதே நிம்மதி. தவணை முறையில் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ரொக்க விலையை விடத் தவணை விலை கூடுதலாக இருந்தாலும், ஒரே விலையைத் தீர்மானித்து ஒப்பந்தம் செய்தால் அது கூடும் என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. 1990 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும் அவ்வாறே தீர்மானித்தது. ஆனால் தவணை பிந்தினால் மேலதிகப் பணம் என்ற நிபந்தனை வட்டியாகும் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. ஆகவே கையொப்பமிடுமுன் சிறிய எழுத்துக்களையும் வாசியுங்கள்.

என் பதில்

சகோதரியே, நீங்கள் என் அபிப்பிராயத்தைக் கேட்டீர்கள். 60 சென்றிமீற்றர் அகலம், 4 பர்னர், எல்லாவற்றுக்கும் நெருப்பணைப் பாதுகாப்பு, சிலிண்டர் வெளியே, தரையோடு ஒரு காற்றுத் துவாரம், மேலே வெளியே போகும் ஹூட். மருமகளின் சொல்லுக்காகவும் அவசரத்துக்காகவும் தனி ப்ளக்கில் ஓர் இன்டக்ஷன் அடுப்பு. நோன்புக் கஞ்சிக் கிடாரத்துக்கு வீட்டின் பின்புறம், கூரை உயர்ந்த கொட்டிலில் ஒரு விறகடுப்பு. அதை ஊதுவது உங்கள் வேலையல்ல, வீட்டில் ஆண்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இது என் அபிப்பிராயம் மட்டுமே. 2016 இல் நான் செய்த தவறை உங்கள் விடயத்தில் மறுபடியும் செய்ய மாட்டேன். உங்கள் குசினியில் நான் ஒரு நேரச் சோறும் ஆக்கியதில்லை. தீர்மானம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இதை வாசிக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை உங்கள் மனைவி மேசையில் விரித்து வைத்திருந்தால், அது தற்செயலாக இருக்காது. இன்று இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் உறங்கியதும், குசினியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு எது வசதி?" என்று கேளுங்கள். முதல் தரம் கேட்டால் "உங்க விருப்பம்" என்றுதான் பதில் வரும். இரண்டாந் தரமும் கேளுங்கள். மூன்றாந் தரம் கேட்கும்போதுதான் நடுங்கிய கையின் கதையும் வரும், நெஞ்சிழுப்பின் கதையும் வரும். அப்போது சிரிக்காமல் இருங்கள்.

அடுப்பு வீட்டுக்கு வந்த அன்று முதல் நெருப்பை நீங்களே பற்றவையுங்கள். சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்ப்பதை மாதந்தோறும் உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். குமிழி இல்லை என்று அவருக்குக் காட்டுங்கள். 90 சென்றிமீற்றர் குக்கர் தராத நிம்மதியை அது தரும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.